ஜிஎஃப்பியா, ஆன்டிபாடியா, வெஸ்டர்ன் பிளாட்டா? நாகர்கோவிலில் இருந்து பார்த்தால்

ஏற்பியில் சிக்னல் விழுந்ததும் செல்லுக்குள் புரதம் எங்கே போகிறது என்று பார்க்க மூன்று வழி உண்டு. ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து உயிருள்ள செல்லிலேயே படம் பிடிக்கலாம், செல்லை ரசாயனத்தால் அப்படியே நிறுத்தி (ஃபிக்ஸ் செய்து) அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டு ஒளிரவைக்கலாம், இல்லையென்றால் செல்லை உடைத்து நியூக்ளியஸைத் தனியாகப் பிரித்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பேண்டாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டலாம். நாகர்கோவில் பக்கம் கல்லூரி லேப் ஒன்றில் ஜீன்களை முடுக்கிவிடும் பி65 என்ற புரதத்தைத் துரத்திக்கொண்டிருக்கும் நான் பிடித்தது நடுவில் உள்ளதை.

பி65 கதை தெரிந்ததுதான். சும்மா இருக்கும் செல்லில் ஐகேபி-ஆல்ஃபா என்ற இன்னொரு புரதம் அதைச் சைட்டோபிளாசத்தில் பிடித்து வைத்திருக்கும். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சி சிக்னல் ஏற்பியில் பட்டதும் ஐகேபி சிதைக்கப்படும், விடுபட்ட பி65 அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் நியூக்ளியஸில் நிற்கும். அங்கே போய் அது முடுக்கிவிடும் ஜீன்களில் ஐகேபி-ஆல்ஃபாவும் ஒன்று, தன்னைத் திரும்ப வெளியே இழுத்துவரும் ஆளைத் தானே தயார் செய்கிறது!

வெஸ்டர்ன் பிளாட் எல்லா லேப்பிலும் இருக்கிறது, மலிவு, ரிவ்யூவரும் கேட்பார். ஆனால் பாதி செல்களில் புரதம் முழுசாக உள்ளே போனாலும், எல்லா செல்களிலும் பாதிப் பாதி போனாலும் பேண்டு ஒரே மாதிரிதான் தெரியும். நியூக்ளியஸ் பங்கில் சைட்டோபிளாசப் புரதமான டியூபுலின் எட்டிப் பார்த்தால் அன்றைய வேலை போச்சு.

ஜிஎஃப்பி அழகு, அதை மறுக்க முடியாது. பி65 உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும் அலைவை, ஏறக்குறைய 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று, 2004-ல் லிவர்பூல் குழு காட்டியது உயிருள்ள தனித்தனி செல்களைப் பார்த்துத்தான். ஆனால் ஜிஎஃப்பியே 27 கிலோடால்டன். சின்னப் புரதத்தோடு ஒட்டினால் அதன் நடமாட்டம் மாறலாம், அளவுக்கு மீறி உற்பத்தியானால் பிடித்துவைக்க ஐகேபி போதாமல் சிக்னலே இல்லாமல் உள்ளே போய் நிற்கவும் செய்யும். இதில் என் கை அவ்வளவு ஓடியதில்லை, அதனால் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, நான் முடிவெடுத்தது எதை வைத்து? ஃபிக்ஸ் செய்த செல் காத்திருக்கும், அவ்வளவுதான். உயிருள்ள செல்லுக்கு மைக்ராஸ்கோப் மேடையிலேயே 37 டிகிரியும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும், நடுவில் கரண்ட் போனால் படமும் போச்சு. இந்த மாவட்டத்துக்கு மழை ஆடியிலும் வரும், ஐப்பசியிலும் வரும், யுபிஎஸ்ஸை நம்பி எத்தனை மணி நேரம் உட்கார முடியும்? நல்ல கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்புக்குத் திருவனந்தபுரம் போகவேண்டும். உயிருள்ள செல்லை ரயிலில் எடுத்துப்போக முடியாது, ஸ்லைடை அலுமினியத் தாளில் சுற்றி டப்பாவில் போட்டுப் பையில் வைத்தால் போதும், அங்கே இன்றைக்கு மெஷின் கிடைக்கவில்லை என்றாலும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம்.

செய்முறையில் ஒன்று. செல் வளரும் தட்டில் டிஎன்எஃப்-ஐ 60 நிமிடக் குழியில் முதலிலும் 5 நிமிடக் குழியில் கடைசியிலும் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் முடியும், ஃபிக்ஸ் செய்யும் 4 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடை ஒரே வீச்சில் ஊற்றிவிடலாம். ஆன்டிபாடி விலைக்குக் குழி நிறைய ஊற்றினால் கட்டுப்படியாகாது. பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாள் மேல் 30 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, செல் வளர்ந்த மெல்லிய கண்ணாடித் துண்டை, அதாவது கவர்ஸ்லிப்பை, செல் இருக்கும் பக்கம் கீழே வரும்படி அதன்மேல் கவிழ்த்துங்கள். கடைசியில் கவர்ஸ்லிப்பை ஸ்லைடில் வைத்த பிறகு ஓரத்தை அடைக்கச் சாதாரண நெயில் பாலிஷ் போதும். மழைக்காலத்தில் காய லேட்டாகும், அவசரப்பட்டு டப்பாவில் அடுக்கினால் ஸ்லைடுகள் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வழியில் அலைவு தெரியாது, நேரத்துக்கு ஒரு புகைப்படம்தான் கிடைக்கும். பீட்டா-அரெஸ்டின் மாதிரி சில நிமிடத்தில் சவ்வுக்கு ஓடும் புரதம் என்றால் நானே ஜிஎஃப்பி பக்கம்தான் போவேன். அப்புறம், எதை எடுத்தாலும் டிஎன்எஃப் போடாத ஒரு கவர்ஸ்லிப்பும், புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி இல்லாமல், அதில் ஒட்டி ஒளிரும் இரண்டாவது மட்டும் போட்ட ஒன்றும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.