இன்ஜினியரிங் மேனேஜ்மென்டா, எம்.பி.ஏ.வா, எம்.எஸ்.ஸா?

சில வருஷம் வேலை பார்த்த இன்ஜினியர் மேற்படிப்பைப் பற்றி யோசித்தால் இந்த மூன்றும்தான் முன்னால் வந்து நிற்கும். கல்லூரிகளின் கையேடுகளைப் படித்தால் குழப்பம்தான் கூடும். ஒரே சிக்கலை மூன்று வகுப்புகளிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒரு சோதனைக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளைச் சோதிக்கச் சராசரியாக ஒரு நாள் போதும். ஆனால் கொடுத்த பொருள் திரும்பி வர மூன்று வாரம் ஆகிறது.

எம்.எஸ்., அதாவது தன் துறையிலேயே தொழில்நுட்ப மேற்படிப்பு, படித்தவர் சோதனையிலேயே கை வைப்பார். சென்சாரை மாற்றியாவது ஒரு நாள் வேலையை அரை நாளாக்கப் பார்ப்பார். எம்.பி.ஏ. படித்தவர், இன்னொரு கூடம் கட்டினால் போட்ட பணம் எப்போது திரும்பும், வேலையை வெளியே கொடுத்தால் கட்டுப்படியாகுமா, தாமதத்தால் எந்த வாடிக்கையாளர் கைநழுவுவார் என்று கணக்குப் போடுவார்.

இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் படித்தவர் வரிசையைப் பார்ப்பார். வேலைகள் சீராக வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பிடிக்கிற நேரமும் ஒன்றல்ல. காத்திருப்பைக் கணக்கிடும் கணிதமான வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரிப்படி, கூடத்தின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 4 நாள். 90 என்றால் 9 நாள். 95 என்றால் 19 நாள்! ஆக, யாரும் சோம்பேறி இல்லை. யாரும் சும்மா இருக்கக் கூடாது என்று வேலையை நிரப்பிக்கொண்டே போனதுதான் கோளாறு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமலே குழுக்களை விரட்டுகிற மேலாளர்கள் எத்தனை பேர்! இந்தப் படிப்பின் மேல் எனக்கு மதிப்பு வந்ததே இதனால்தான்.

துறை புதிதும் அல்ல. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் ரோலா வளாகத்தில் 1967லேயே இதற்கென்று தனித்துறை தொடங்கிவிட்டார்கள். இன்று டியூக், டார்ட்மத், கார்னெல், நார்த்வெஸ்டர்ன் என்று பல இடங்களில் இருக்கிறது.

காலம் என்று பார்த்தால் இது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் முடியும். முழுநேர எம்.பி.ஏ. பொதுவாக இரண்டு வருஷம். பிரான்ஸின் இன்சியாட் கல்லூரி போல 10 மாதத்தில் முடிக்கிற இடங்களும் உண்டு.

அனுபவம் விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. பெரிய எம்.பி.ஏ. கல்லூரிகள் சில வருஷ வேலை அனுபவத்தை எதிர்பார்க்கும். இன்ஜினியரிங் மேனேஜ்மென்டில் இளநிலை முடித்த கையோடு சேர்த்துக்கொள்கிற இடங்கள் நிறைய. சேரலாம் என்பதற்காகச் சேர வேண்டாம். ஒரு புராஜெக்டாவது கைமீறிப் போவதைக் கிட்டே இருந்து பார்த்தவருக்குத்தான் அந்தச் சோதனைக்கூடக் கணக்கு உறைக்கும். இரண்டு வருஷமாவது வேலை பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. எம்.பி.ஏ. என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். இந்தப் பட்டத்தை நேர்முகத் தேர்வில் பல நேரம் விளக்க வேண்டியிருக்கும். நிதித்துறைக்கோ ஆலோசனை நிறுவனங்களுக்கோ தாவ நினைப்பவர் தயங்காமல் எம்.பி.ஏ.வுக்கே போகலாம். அங்கே கிடைக்கும் பழைய மாணவர் தொடர்புகளே பாதிப் பலன். வடிவமைப்பை விட்டு விலக மனமில்லாதவருக்கு எம்.எஸ்.தான். இன்ஜினியர்களோடே இருந்து அவர்களை வழிநடத்த விரும்புகிறவருக்கு இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்.

சேரும் முன் பாடப்பட்டியலை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (முடிவெடுக்க உதவும் கணிதம்), நிகழ்தகவு, சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் (சிக்கலான அமைப்பை முழுமையாகப் பார்த்து வடிவமைப்பது) எதுவுமே இல்லாமல் மார்க்கெட்டிங்கும் தலைமைப்பண்பும் மட்டும் இருந்தால், அது பெயர் மாற்றிய எம்.பி.ஏ. அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.