டெருமோ பென்பால் டிரிபிள் பேக்: நாகர்கோவில் இரத்த மையத்திலிருந்து ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் உள்ள ஓர் இரத்த மையத்தில், இரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு போன்ற கூறுகளாகப் பிரிக்கும் அறையில் பணிபுரிகிறேன். திருவனந்தபுரத்தை அடுத்த புளியறக்கோணத்தில் தயாராகும் டெருமோ பென்பால் இரத்தப் பைகளை, குறிப்பாக நாங்கள் டிரிபிள் பேக் என்று சொல்லும் மூன்றுபைத் தொகுதியை, அன்றாடம் கையாள்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நம் மாவட்டத்து மக்கள் இதய நோய்க்காகத் தேடிச் செல்லும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான தொழில்நுட்பமே இந்தத் தொழிற்சாலைக்கு அடித்தளம்.

எந்தப் பையானாலும் நான் முதலில் பார்ப்பது அதன் ஒட்டு விளிம்பைத்தான். இரண்டு பிவிசி தாள்களை உயர் அதிர்வெண் மின்னாற்றலால் உருக்கி இணைக்கும் அந்த மெல்லிய கோட்டில் ஓரிடம் பலவீனமாக இருந்தாலும், கூறுகளைப் பிரிப்பதற்காக வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுழலும்போது பை அங்கேதான் பிரியும். முன்பு வேறொரு நிறுவனத்தின் பை அவ்வாறு பிரிந்ததில், மார்த்தாண்டத்தில் நடந்த முகாமில் ஒரு கல்லூரி மாணவர் கொடுத்த இரத்தம் முழுவதும் வீணானது. பை இருந்த சென்ட்ரிஃபியூஜ் கிண்ணத்தைக் கழுவிக் கிருமி நீக்கி முடிப்பதற்குள், வரிசையில் இருந்த மற்ற பைகளிலிருந்து தட்டணுக்களைப் பிரிக்க வேண்டிய நேரமும் கடந்துவிட்டது. மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகள் வார்டில் காத்திருக்கும்போது அது சிறிய இழப்பு அல்ல. பென்பால் பையின் விளிம்பு ஒரே அகலத்தில், குமிழோ சுருக்கமோ இன்றி ஓடுகிறது. உள்ளங்கைகளுக்கு இடையில் அழுத்திப் பார்த்தால் கசிவின் ஈரம் தென்படுவதில்லை. குழாயில் துண்டுக்குத் துண்டு அச்சிட்ட எண்ணும் தெளிவாக உள்ளது. இரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தச் சோதனைக்கு அந்தத் துண்டைத்தான் வெட்டி எடுக்கிறோம் என்பதால், மங்கிய எண் ஒன்று நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றிப் பலரும் கேட்பதால் அதையும் சொல்ல வேண்டும். பிவிசியை நெகிழ வைக்கச் சேர்க்கப்படும் டிஇஎச்பி என்ற பொருள் சிறிதளவு இரத்தத்தில் கலக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்கு இரத்தமாற்றம் செய்யும்போது இது கவலைக்குரியது. ஆனால் அதே பொருள்தான் சிவப்பணுக்களின் சவ்வைச் சிதையாமல் காப்பதால், இரத்தம் உறையாமல் காக்கும் சிபிடிஏ-1 கரைசலில் 35 நாள்களும், சிவப்பணுக்களுக்கு ஊட்டம் தரும் சாக்எம் (SAGM) கரைசலைச் சேர்த்தால் 42 நாள்களும் சேமிக்க முடிகிறது. இதற்கு முழுமையான மாற்று பரவலாகும் வரை, பொருள் உடலுக்குத் தீங்கு செய்யாததை உறுதிசெய்யும் ஐஎஸ்ஓ 10993 வரிசையிலான உயிரிப்பொருத்தச் சோதனைகளையும் பைகளுக்கே உரிய ஐஎஸ்ஓ 3826 தரத்தையும் ஆவணத்துடன் காட்டும் தயாரிப்பாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பைகள் அடைக்கப்பட்டு வரும் அலுமினிய உறையைப் பிரித்த பிறகு பொறுப்பு நம்முடையது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் இந்த மாவட்டத்தில் கிடங்கு அறையின் ஈரம் எளிதில் வடிவதில்லை. பிரித்த உறையில் மீதமிருக்கும் பைகளின் மேற்பரப்பில் பூஞ்சை படியக்கூடும். ஓர் உறைக்குள் பல பைகள் வருவதால், சிறிய மையங்கள் முகாமின் தேவையைக் கணக்கிட்டே உறையைப் பிரிக்க வேண்டும். பிரித்த தேதியை உறையின் மீதே எழுதுவது நல்லது. தனித்தனி உறையில் பைகள் கிடைத்தால் எங்களைப் போன்றோருக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

ஒப்பந்தப்புள்ளியில் விலையை மட்டும் பார்க்கும் மேலாளர்களிடம் இந்தப் பையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும்போது பெட்டியிலுள்ள தொகுப்பு எண்ணையும் உரிம எண்ணையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கருவிகளின் குறைபாடுகளைத் திரட்டுவதற்காக 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. எந்த நிறுவனத்தின் பை கசிந்தாலும், அதைக் குப்பையில் போடும் முன் அந்தத் தொகுப்பு எண்ணுடன் அங்கே தெரிவியுங்கள்.