வெறும் வயிற்றுச் சீனியா, மூன்று மாதச் சீனியா?

கிளினிக் நாள் நெருங்கினால்தான் திருகோணமலையில் பல வீடுகளில் சீனி வருத்தம் நினைவுக்கு வரும். பிட்டு பாதியாகும், தேநீருக்குச் சீனி நிற்கும், டச்பே கடற்கரையில் நடை தொடங்கும். மூன்றாம் நாள் இரத்தம் கொடுத்தால் எப்.பி.எஸ். எனும் வெறும் வயிற்றுச் சீனி 110 என்று அழகாக வந்துவிடும். அதே ஆளுக்கு எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சீனியைப் பார்த்தால் 8.5 வீதம்! இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான், கேட்ட கேள்விதான் வேறு.

எப்.பி.எஸ். அன்று காலை இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை மட்டும் சொல்லும். குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்து, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவுதான். செலவு குறைவு, முடிவும் சீக்கிரம் கிடைக்கும். இரவுக் குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்க இதுவே வசதி.

எச்பிஏ1சி பார்ப்பது சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எத்தனை வீதத்தில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் இருக்கும், மூன்று நாள் பத்தியத்துக்கு அது மசியாது. 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. 7 வீதம் என்றால் சராசரிச் சீனி 154 அளவில். பலருக்கு டொக்டர்கள் வைக்கும் இலக்கு 7க்குள்.

இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. மூதூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடிக்கும் வயதானவருக்கு இது சின்ன விஷயமா? காலை இன்சுலினையும் போட்டுக்கொண்டு, சோதனைக்காகச் சாப்பிடாமல் வந்து வரிசையில் மயங்குவதை விட, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போய் இரத்தம் கொடுக்கலாம்.

ஆனால் சராசரி என்பதால் அது சிலதை மறைக்கும். ஒருவருக்குச் சீனி இரவில் 50க்கு இறங்கி, பகலில் 280க்கு ஏறினாலும் எச்பிஏ1சி நல்ல பிள்ளையாக 7 காட்டலாம். இரவில் வியர்த்து விழிப்பவர் அந்த எண்ணை நம்பி இருக்கக் கூடாது, வீட்டு மீற்றரில் குத்திப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஏற்கெனவே குளிசை எடுப்பவர் மூன்று மாதத்துக்கொரு முறையாவது எச்பிஏ1சிக்குக் காசு செலவழிக்கலாம், சீனி கட்டுப்பாட்டில் நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்கொரு தடவை போதும். புதிதாகச் சந்தேகம் உள்ளவருக்கு எப்.பி.எஸ். போதுமான தொடக்கம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர், அண்மையில் இரத்தம் ஏற்றியவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோரில் எச்பிஏ1சி தப்பாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இல்லாத சீனியைக் கூட்டியும் காட்டும். கர்ப்பிணிகளுக்கோ கதையே வேறு, அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்க்கும் சோதனைதான்.