கிருஷ்ணகிரிப் பக்கம் கச்சேரிக்கு லைட் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணா, உங்க டிஎம்எக்ஸ் ஸ்ப்ளிட்டர் ரெண்டு நாளைக்கு வேணும். கிருஷ்ணகிரில பெரிய ஷோ." கன்சோல் சிக்னலை எல்லா லைட்டுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி அது. யார் ஷோ என்று கேட்டேன். கம்பெனி பெயர் புதுசு. நம்பரைச் சொல்லச் சொன்னேன். பாதி சொல்லும்போதே தெரிந்துவிட்டது, போன வருஷம் எனக்குப் பணம் தராமல் ஏமாற்றிய அதே ஆள். தம்பியைத் தடுத்துவிட்டேன். எல்லாரும் என்னிடம் ஸ்ப்ளிட்டர் கேட்டு வர மாட்டார்கள் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நான் தர்மபுரிக்காரன். மாரியம்மன் பண்டிகை ஆர்கெஸ்ட்ராவில் பார் கேன் (டப்பா மாதிரி இருக்கும் மேடை லைட்) கட்டுகிறவருக்கு ஏணி பிடித்து ஆரம்பித்தவன், பதினோரு வருஷமாக இதே தொழில். சொந்தமாக லைட்டை இயக்கும் கன்சோல் ஒன்று, 24 எல்இடி பார் லைட், ரெண்டு ஸ்மோக் மெஷின் இருக்கிறது. மெல்லிசான ஒளிக்கற்றை அடித்துச் சுழலும் ஷார்ப்பி லைட் மட்டும் பெங்களூரில் வாடகைக்கு எடுப்பேன்.

போன வருஷம் ஜனவரியில் இந்த ஈவென்ட்காரர் கூப்பிட்டார். சினிமாப் பாடகர்கள் வருகிற ஷோ, மொத்தம் 85,000 பேசி 20,000 அட்வான்ஸ். மீதி "ஷோ முடிஞ்சதும் கையில". லைட்டுக்குத் தனி ஜெனரேட்டர் வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் பண்ணிடலாம்ணா" என்றார். போனில் சொன்னதுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை. அங்கேயே நான் சறுக்கினேன்.

காலை ஏழு மணிக்குப் பென்னாகரம் பையன்கள் நாலு பேரோடு போய் இறங்கினால், மைதானத்தில் நிற்பது ஒரே ஜெனரேட்டர். லைட், எல்இடி வால், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அதில்தான். சவுண்டுக்காரர் விவரமானவர், தன் ஜெனரேட்டரைத் தானே கொண்டு வந்திருந்தார். நான் கேட்டதற்கு "இன்னொண்ணு வந்துட்டிருக்கு" என்றார்கள். கடைசிவரை வரவில்லை. மதியம் ஜெனரேட்டர் கரண்ட் பிரியும் பேனலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், மூணு பேஸிலும் 230 வோல்ட்டை ஒட்டியே காட்டியது. சரி என்று லைட் தொங்கும் உலோகச் சட்டமான டிரஸ்ஸை ஏற்றிவிட்டேன்.

சாயந்திரம் யாரோ ஒரு கடைக்கு லைன் இழுக்க அதே பேனலைத் திறந்திருக்கிறார்கள். மூணு பேஸுக்கும் பொதுவான ரிட்டர்ன் லைனான நியூட்ரலின் நட்டைத் தளர்த்திவிட்டு, திரும்ப முறுக்காமலே போயிருக்கிறார்கள். நாங்கள் மேடைக்கு எதிரில், கூட்டத்துக்குப் பின்னால் கன்சோலோடு இருக்கிறோம். ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால். அங்கே நடப்பது இங்கே தெரியாது.

மூணாவது பாட்டு. முதலில் கண்ணில் பட்டது லைட் இல்லை, பஜ்ஜிக் கடை. அங்கே தொங்கிய குண்டு பல்பு சூரியன் மாதிரி பளீரென்று எரிகிறது. நாலு கடை தள்ளி இன்னொரு பல்பு மங்கிப்போய்ச் சிவப்பாகக் கிடக்கிறது. இப்படி ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நியூட்ரல் போய்விட்டது என்று அர்த்தம். மூணு பேஸிலும் லோடு சமமாக இருக்காது. நியூட்ரல் இல்லாவிட்டால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம்கூட ஓடும். நம் ஷார்ப்பியின் பவர் சப்ளை தாங்குவது 240 வோல்ட் சொச்சம்தான். வாக்கி டாக்கியில் "பேனலை ஆஃப் பண்ணுடா" என்று கத்தி முடிப்பதற்குள் வலது பக்க டிரஸ்ஸில் வரிசையாகப் பட் பட்டென்று வெடித்தது. பதினாறில் ஆறு காலி.

நட்டை முறுக்கி, மீட்டர் பார்த்து, மறுபடி ஏற்ற எட்டு நிமிஷம். சவுண்ட் ஓடிக்கொண்டிருந்ததால் மேடையில் ஒருத்தர் ஜோக் சொல்லிச் சமாளித்தார். மீதிப் பத்து ஷார்ப்பியை வைத்துக் கடைசிப் பாட்டுவரை ஓட்டினேன். வலது பக்கம் இருட்டாகத் தெரியக்கூடாது என்று ப்ரோக்ராமையே நின்ற இடத்தில் மாற்றினேன். ஷோ முடிந்ததும் அந்த ஆளே வந்து "சூப்பர்ணா" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் டிரஸ்ஸை இறக்கி வண்டியில் ஏற்ற ராத்திரி ரெண்டு மணி. அவரைத் தேடினால் ஆள் இல்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். பையன்களுக்குக் கூலியை என் கையிலிருந்து கொடுத்து அனுப்பினேன். இந்தத் தொழிலில் டிரஸ் மேலே நிற்கும்வரைதான் நமக்கு மரியாதை. கீழே இறங்கிவிட்டால் நாமும் லாரிக்காரரும் ஒன்றுதான்.

ரெண்டு நாள் கழித்துப் பேச்சு மாறியது. "பாதி ஷோவுக்கு லைட்டே இல்லையேண்ணா." அவர் பேனல், அவர் கொண்டு வந்த கடை, பழி எனக்கு. 25,000 பிடித்துக்கொண்டு 40,000-க்கு அன்றைய தேதி போட்டு செக் கொடுத்தார். "இப்ப போட்டுடாதீங்கண்ணா, திரும்பிடும். ஸ்பான்சர் பணம் வந்ததும் நானே சொல்றேன்." பொங்கல் போகட்டும் என்றார், பிறகு மார்ச் கணக்கு முடியட்டும் என்றார். நானும் மரியாதைக்குக் காத்திருந்தேன். ஏப்ரல் கடைசியில் "போடுங்கண்ணா" என்று அவராகவே சொன்னார். போட்டேன். தேதி காலாவதி என்று பேங்க் திருப்பிவிட்டது. செக்குக்கு ஆயுள் மூணு மாசம்தான்.

தர்மபுரி கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அந்த மூணு மாசத்துக்குள் போட்டு, பணம் இல்லை என்று திரும்பியிருந்தால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதற்குப் பிறகும் 15 நாளில் பணம் வராவிட்டால் செக் மோசடி கேஸ், 138-ஆவது பிரிவு. இப்போது அந்த வழி அடைத்துவிட்டது. பணம் வசூலுக்கு சிவில் கேஸ்தான் போட முடியும், அதற்கு மூணு வருஷக் கெடு. அந்த ஆள் தெரிந்தேதான் தேதியைத் தள்ளினார் என்பது வக்கீலின் சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை.

பெங்களூர்க்காரருக்கு ஆறு ஷார்ப்பியின் போர்டு மாற்ற 27,000 நான்தான் கட்டினேன். புதுக் கன்சோலுக்கு என்று சேர்த்து வைத்த பணம் அது.

பிறகு ஓசூர் சவுண்டுக்காரர் ஒருத்தரிடம் புலம்பினேன். சிரித்தார். "உங்களுக்குமா?" அவருக்கு அதற்கு முந்தின வருஷம் நடந்திருக்கிறது. அப்போது கம்பெனிக்கு வேறு பெயர். ஒரே டீமை இந்த ஆள் ரெண்டாவது தடவை கூப்பிடுவதே இல்லையாம்.

பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. இப்போதெல்லாம் மீதிப் பணம் அக்கவுன்ட்டில் ஏறாமல் சவுண்ட் செக்குக்கு லைட்டை ஆன் பண்ணுவதில்லை. பேனல் பக்கத்தில் ஒரு பையனை ஷோ முடியும்வரை நிறுத்துகிறேன், அவனுக்குத் தனிச் சம்பளம். உங்களைப் புதுப் பெயரில் ஒரு ஈவென்ட்காரர் கூப்பிட்டால், போன ஷோவுக்கு லைட் போட்டவர் நம்பரைக் கேளுங்கள். இந்த ஆளாக இருந்தால் தரமாட்டார்.