அஞ்சறைப் பெட்டி மஞ்சளா, குர்குமின் மாத்திரையா?

அம்மாவின் முட்டிவலிக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது, மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பாலே போதும் என்றார் சித்தி. அண்ணன், மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமினைச் செறிவாக்கிய மாத்திரைப் புட்டி ஒன்றை வாங்கியே வந்துவிட்டார். இரண்டைப் பற்றியும் வந்துள்ள ஆய்வுகளைப் படித்துப் பார்த்து, நாங்கள் சமையலறை மஞ்சளோடு நின்றுகொண்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. காரணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

விலையில் மஞ்சள் மலிவு, வசதியில் மாத்திரை மேல். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அளவுக்கு வருவோம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். அரைத் தேக்கரண்டித் தூளை ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே போவது 45 மில்லிகிராம். புட்டியின் பின்புறச் சிற்றெழுத்தைப் பார்த்தேன்: ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமினும் அதையொத்த சேர்மங்களும், கூடவே மிளகின் காரப்பொருளான பைப்பரின் 5 மில்லிகிராம். அதாவது ஒரே மாத்திரையில் 475 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு குர்குமினுக்கு வைத்துள்ள நாள் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 180.

முடிவைத் தீர்மானித்தது அந்தப் பைப்பரின்தான். குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேர்வதே அரிது; குடலும் கல்லீரலும் விரைவாக மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களிடம் அது ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். மாத்திரை விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் எண் இது. ஆனால் பைப்பரின் இதைச் செய்வது, அந்நியப் பொருள்களை வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளின் கையைக் கட்டிப்போட்டு. கையைக் கட்டிய பிறகு குர்குமின் மட்டுமா தங்கும்? வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், இதயத்துக்கான புரொப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவைப் பைப்பரின் உயர்த்துவது மனிதர்களிடமே காணப்பட்டிருக்கிறது. அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர். செறிவூட்டிய குர்குமினை அதோடு சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்று மருத்துவர் சொன்னதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது கல்லீரல். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு 2022இல் மாத்திரை போன்ற மஞ்சள் துணையுணவுப் பொருள்களோடு தொடர்புடைய பத்து நோயாளிகளைப் பற்றி எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ. பி*35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பரிசோதித்த ஏழு தயாரிப்புகளிலும் மஞ்சள் இருந்தது உறுதியானது; மூன்றில் பைப்பரினும் இருந்தது. அதே 2022இல் இத்தாலி இவற்றின் லேபிளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தபோது, உணவில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளுக்கு இது பொருந்துவதாகத் தெரியவில்லை என்று பிரித்தே சொன்னது. சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பாதிப்பு அரிதுதான். ஆனால் அந்த மரபணு தன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா ஒருவர் புட்டியைத் திறக்கிறார்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: சித்தியின் பாலிலும் மிளகு இருக்கிறதே? இருக்கிறது. இரண்டு சிட்டிகை மிளகுத் தூளிலேயே மாத்திரையில் உள்ள அளவுக்குப் பைப்பரின் வந்துவிடலாம். குர்குமின் மாத்திரையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு என்பதுதான் வேறுபாடு. ஆனாலும் பைப்பரின் பைப்பரின்தான் என்பதால் அம்மாவுக்கு மிளகைக் குழம்போடும் ரசத்தோடும் நிறுத்தி, பாலில் போடுவதை விட்டோம்.

மாத்திரைக்கு உரியதையும் சொல்லியாக வேண்டும். முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் தாய்லாந்தில் நடந்து 2014இல் வெளியான சோதனையில், நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, நான்கு வாரத்தில் 1200 மில்லிகிராம் இபுபுரூஃபன் என்ற வலி மருந்துக்குச் சளைக்காமல் வலியைக் குறைத்தது. அதே நாட்டில் 206 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், அஜீரணத்துக்குக் குர்குமின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்துக்கு இணையாக நின்றது. மஞ்சள் பாலுக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. வலி போகும் என்று நம்பி அதைக் குடித்தால் ஏமாற்றம்தான். நாங்கள் அதை உணவாகத்தான் வைத்திருக்கிறோம். முட்டிக்குத் தொடைத்தசைப் பயிற்சியும் மருத்துவர் தந்த களிம்பும். மாத்திரையை நாங்கள் தொடர்ந்து கொடுத்துப் பார்க்கவில்லை, ஆகவே அது எவ்வளவு வலி தீர்க்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. வேறு மருந்து எதுவும் சாப்பிடாத, கல்லீரல் நலமாக உள்ள ஒருவர் மருத்துவரிடம் கேட்டுச் சில வாரம் முயல்வதை நான் குறை சொல்லமாட்டேன். சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளித்தால், அரிப்பெடுத்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மஞ்சள் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: ஈயம். கிழங்கைப் பளபளவென்று காட்ட, மெருகேற்றும்போது ஈயம் அடங்கிய லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறச் சாயத்தைச் சேர்ப்பது வங்கதேசத்தில் ஆய்வாளர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. 2019இல் அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு பிடியை இறுக்கியதும் 2021இல் அது பூஜ்யமானது. பாட்னா, கராச்சி சந்தைகளிலும் மிக உயர்ந்த அளவுகள் பதிவாகியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்குவது, சமைத்தாலும் போகாது. ஆகவே உதிரித் தூளைத் தவிர்த்து, மெருகேற்றாத விரலி மஞ்சளைத் தேடி வாங்குகிறோம். மேல்தோல் மங்கலாக, சுருக்கத்தோடு இருக்க வேண்டும். விரலால் தேய்த்தால் கையில் பளிச்சென்று மஞ்சள் ஒட்டக்கூடாது. உடைத்தால் உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் தெரியும். வெயிலில் உலர்த்தி, மில்லில் எங்கள் கண்ணெதிரே அரைத்து வாங்கிக்கொள்கிறோம்.