விடுவதா, விட்டுக்கொடுப்பதா? 'கிவ் அப்'பும் அதன் பங்காளிகளும்

ஓர் அறிக்கையை எப்படி அமைப்பது என்று உடன் வேலை பார்ப்பவரோடு இரண்டு நாள் மின்னஞ்சலில் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் அலுத்துப்போய், அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்று 'ஓகே, ஐ கிவ் அப்' என ஒரு வரி தட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் போன். "என்ன சார், இப்படி திடீர்னு கைகழுவிட்டீங்க? இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கே!" நான் சொல்ல வந்தது விட்டுக்கொடுக்கிறேன் என்று. அவருக்குப் போய்ச் சேர்ந்தது, வேலையையே விட்டுவிட்டேன் என்று.

குற்றம் நம் 'விடு'வின் மேல்தான். விட்டுவிடு, விட்டுக்கொடு, கைவிடு என்று ஒரே வேரில் எல்லாம் முளைப்பதால், ஆங்கிலத்திலும் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அங்கேயும் 'கிவ்' ஒன்றுதான். ஆனால் பின்னால் ஒட்டும் குட்டிச் சொல் மாறினால் பொருளும் மாறிவிடும்.

'கிவ் அப்'பில் விடுகிற பொருள் நம் கையில் இருந்ததாக இருக்கும்: பழக்கம், வேலை, நம்பிக்கை, உட்கார்ந்திருந்த இடம். பஸ்ஸில் வயதானவருக்கு எழுந்து இடம் கொடுப்பதும் கிவ் அப்தான். எதை விடுகிறோம் என்று சொல்லாமல் வெறுமனே 'ஐ கிவ் அப்' என்றால், முயற்சியை விட்டேன் என்று அர்த்தம். விடுகதை போட்டவரிடம் "தெரியல, நீயே சொல்லு" என்கிறோமே, அது. என் மின்னஞ்சல் சறுக்கியது இங்கேதான்.

'கிவ் இன்'னில் எதிரே ஒரு ஆள் வேண்டும், அல்லது ஒரு நெருக்கடியாவது. குழந்தை அழுது அடம்பிடித்து போனை வாங்கிவிட்டால், அம்மா 'கேவ் இன்', அதாவது பணிந்துவிட்டாள். யாருக்குப் பணிந்தோம் என்று சொல்ல 'டு' சேர்க்க வேண்டும். 1941 அக்டோபர் 29 அன்று ஹாரோ பள்ளி மாணவர்களிடம் வின்ஸ்டன் சர்ச்சில் பேசிய பேச்சு இன்று பல போஸ்டர்களில் 'நெவர் கிவ் அப்' என்று அச்சாகிறது. அவர் சொன்னது 'நெவர் கிவ் இன்'. ஹிட்லரோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். பேச்சு முயற்சியைத் தளரவிடுவதைப் பற்றியது அல்ல, எதிரிக்குப் பணிவதைப் பற்றியது. மானத்துக்கும் நல்லறிவுக்கும் மட்டும் பணியலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார். போஸ்டர்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

அப்படியென்றால் விட்டுக்கொடு என்றால் கிவ் இன் என்று குறித்துக்கொள்ளலாமா? நான் குறித்துக்கொள்ள மாட்டேன். 'விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை' என்று நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். கிவ் இன்னில் அந்தப் பெருமை கிடையாது. வேறு வழியில்லாமல் தோற்ற வாசனைதான் அடிக்கும். 'அவரை எங்கேயும் விட்டுக்கொடுக்காம பேசுவா' என்கிற விட்டுக்கொடுத்தலுக்கோ இரண்டுமே உதவாது.

பழக்கத்தை விடுவதில் ஸ்டாப், க்விட், கிவ் அப் மூன்றும் போட்டிக்கு வரும். சிகரெட்டுக்கு மூன்றும் சரி. ஸ்டாப் வெறும் நிறுத்தம், நாளைக்கே மறுபடி பற்றவைக்கலாம். கிவ் அப்பில் பிடித்ததை விட்ட வலி கொஞ்சம் இருக்கும். க்விட் வெடுக்கென்று இருக்கும், அமெரிக்கர் வாயில் அதிகம் புழங்கும். வேலையை விடுவதில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒருத்தி வேலையை 'கிவ் அப்' செய்தாள் என்றால் குழந்தைக்காகவோ படிப்புக்காகவோ தியாகம் செய்தாள் என்று காதில் விழும். 'க்விட்' என்றால் மேலாளரிடம் முறைத்துக்கொண்டு வெளியே வந்த மாதிரி. ராஜினாமாக் கடிதத்தில் இரண்டும் வேண்டாம், 'ரிசைன்' போதும்.

இலக்கணத்தில் பலர் விழும் குழி: 'ஐ கேவ் அப் டு ஸ்மோக்'. தப்பு, 'ஸ்மோக்கிங்' என்றே வர வேண்டும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தமிழே வழிகாட்டும். 'புகைப்பதை விட்டேன்' என்கிறோம், அந்த 'அதை'தான் ஆங்கில 'இங்'. 'புகைக்க விட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள், யாரையோ புகைக்க அனுமதித்ததாக ஆகிவிடும். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்பதோ புகைப்பதற்காக வழியில் நின்றேன் என்று ஆகும். டாக்டரிடம் அப்படிச் சொன்னால் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். இன்னொன்று: 'இட்' மாதிரி பிரதிப்பெயர் நடுவில்தான் உட்காரும். 'கிவ் இட் அப்' சரி, 'கிவ் அப் இட்' கூடாது.

'ஆன்' சேர்ந்தால் கதை வேறு. 'கிவ் அப் ஆன் ஹிம்' என்றால் அவன் தேறுவான் என்ற நம்பிக்கை போய்விட்டது, தண்ணீர் தெளித்து விட்டாயிற்று. 'கிவ் ஹிம் அப்' என்றால் அவனோடு இருந்த உறவை விடுவதாகலாம், அல்லது அவனைப் பிடித்துக் கொடுப்பதாகலாம். 'கேவ் ஹிம்செல்ஃப் அப்' என்றால் போலீஸில் தானே போய்ச் சரணடைந்தான். 'கிவ் அவே' தனி வீடு: இலவசமாகக் கொடுப்பது, ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பது.

'ரிலின்க்விஷ்' (உரிமையை விட்டுவிடுவது), 'ரினௌன்ஸ்' (துறப்பது) போன்ற கனமான சொற்களைப் பட்டா, பதவி, குடியுரிமை விவகாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். காபியை ரினௌன்ஸ் செய்தேன் என்றால் கேட்பவர் காவி தேடுவார்.

அந்த மின்னஞ்சலுக்கு வருகிறேன். திருத்தி 'ஐ கிவ் இன்' என்று அனுப்பியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியது போலிருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, 'லெட்ஸ் கோ வித் யுவர் வெர்ஷன்' என்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.