20 ரூபாய் இயர் பிளக், 600 ரூபாய் இயர் மஃப்: ஒரு பட்டறைக்காரனின் அனுபவம்

மதுரை கே.புதூர் பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டிங் வீலும் கிரைண்டரும் நாள் பூராவும் ஓடும். அப்பாவுக்கும் இதே தொழில்தான். அறுபது வயதிலேயே அவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது. உட்காதில் சத்தத்தை வாங்கும் முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது என்று டாக்டர் அப்போதே சொன்னார். போன சித்திரையில் ராத்திரி படுத்தால் என் காதுக்குள்ளும் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. மறுநாளே தெற்கு மாரட் வீதிக்குப் போய், காதுக்குச் சத்தம் போகாமல் தடுக்கும் இயர் பிளக், இயர் மஃப் இரண்டையும் வாங்கினேன்.

ஹெட்செட் மாதிரி இருக்கும் மஃப் சத்தத்தை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் தகரக் கொட்டகைக்குள் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வேர்வை ஊற்றும். மூக்குக்கண்ணாடி போட்டால் இடுக்கு விழுந்து சத்தம் உள்ளே வந்துவிடும். இப்போது ஆணியில் தொங்குகிறது.

காதுக்குள் செருகும் ஸ்பாஞ்சு பிளக்கை முதல் நாள் சும்மா திருகி வைத்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டினேன். தப்பு என்னுடையது. பீடி கனத்துக்கு உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் அமுக்கி வைக்க வேண்டும். மெதுவாக உப்பி அடைத்துக்கொள்ளும். நம் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு உருட்டுங்கள், இரும்புத் தூள் அப்படியே ஒட்டும்.

அட்டையில் சத்தம் 29 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கிறது. அது ஆய்வுக்கூடக் கணக்கு, நம் கைக்கு அவ்வளவு வராது. வந்தவரை லாபம்தான். காதில் எதுவும் மாட்டாமல் 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை பார்க்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அளவுகோல். கிரைண்டர் 100ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான்!

குறை என்றால், பத்து நாளில் விறைத்துப்போய் உப்ப மாட்டேன் என்கிறது. அப்புறம், கூப்பிட்டால் கேட்காது. கிரைண்டர் பிடித்திருப்பவனைத் தோளில் தட்டவும் முடியாது. எதிரே போய் டார்ச் அடிக்கிறோம்.

போன மாதம் பங்காளி வீட்டுக் காதுகுத்தில் வாடிப்பட்டி மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் எனக்கு நாற்காலி. எடுத்து மாட்டினேன். "காதுகுத்துக்கு வந்துட்டுக் காதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கியேப்பா" என்று சிரித்த பெரியப்பா, பந்தி முடிந்ததும் ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டார். மொய் எழுதியவரும் ஆசையாகப் பார்த்தார். அவருக்குப் பேர் கேட்க வேண்டுமே, கொடுக்கவில்லை.